மாமாவுக்கு: என்லார்ஜரை விற்கவில்லை

அன்புள்ள மாமா,

முடிவு செய்துவிட்டேன். பின்கட்டு அறையைத் திரும்பவும் ஃபிலிம் கழுவிப் படம் போடும் டார்க் ரூம் ஆக்குகிறேன். நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிப் போடும் என்லார்ஜரைக் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அதை விற்றுவிடு என்ற உங்கள் பேச்சைத் தட்டியதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது எனக்கு ஒப்பவில்லை.

"கோடாக்கே திவாலாயிடுச்சு, நீ எங்கடா" என்றீர்கள். 2012-இல் அது திவாலானது உண்மைதான். அதே கோடாக்கின் ட்ரை-எக்ஸ் ஃபிலிம் இன்றும் விற்கிறது. 2024-இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவே இறக்கியது. 1967-இல் ஃபிலிம் செய்யத் தொடங்கிய நம் ஊட்டி தொழிற்சாலைதான் மூடிக் கிடக்கிறது. அம்மா கல்யாணத்தை நீங்கள் எடுத்தது அங்கே செய்த 'இந்து' (Indu) ஃபிலிமில்தானே?

அந்த குரூப் போட்டோவைப் பெரிதாக்கிய ராத்திரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பந்தல் நிழல் விழுந்து அம்மா முகம் மட்டும் கறுத்திருந்தது. சைக்கிள் ஸ்போக் நுனியில் ஒட்டிய சின்ன வட்ட அட்டையை லென்ஸுக்கும் பேப்பருக்கும் நடுவில் பிடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆட்டினீர்கள். கை ஒரு நொடி நின்றாலும் அட்டையின் விளிம்பு படத்தில் விழுந்துவிடும். முதல் பேப்பரில் விழுந்தது. கிழித்தீர்கள். அடுத்ததில் முகம் ரொம்ப வெளுத்துவிட்டது. "இது அக்கா இல்லை" என்று அதையும் கிழித்தீர்கள். அப்புறம் போட்டதை படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலில் ஊறவிட்டு லைட்டைப் போட்டால், அம்மா இருந்தாள். மூக்குத்திகூடத் தெரிந்தது. அப்படி ஒரு கை உங்களுக்கு.

அந்தக் கையால்தான் நெகட்டிவ் மூட்டைகளை, ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவரிடம் எடைக்குப் போட்டீர்கள். அந்த வருஷ நிலைமை எனக்குத் தெரியும். அத்தையும் இதைப் படிப்பார், அதற்கு மேல் எழுதவில்லை. வேறு வழி இருந்திருக்காது, சரி. ஆனால் அக்காவின் கவர் ஒன்றை மட்டும் எடுத்து வைக்க ஏன் மாமா தோன்றவில்லை? கவர் மேல் நம்பர் எழுதி அடுக்கியவர் நீங்கள்தானே!

பிரிண்டை ஸ்கேன் செய்துகொள் என்கிறீர்கள். செய்திருக்கிறேன். ஆனால் அன்று அம்மா மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நேராக வந்து விழுந்தது அந்த ஃபிலிமில். அது பட்ட இடத்தில் வெள்ளி கறுத்து நின்றது. அந்த வெள்ளியைத்தான் உருக்கிவிட்டார்கள். என் போனில் அம்மாவின் படங்கள் ஏராளமாக இருக்கின்றன, அந்த வெளிச்சம் பட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. இதைப் பழசின் மேல் உள்ள ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். என் மகளை நான் ஃபிலிமில் எடுக்க வேண்டும். அந்த நெகட்டிவை அவள் கையில் கொடுக்க வேண்டும்.

ஃபிலிம் கழுவும் டி-76 மருந்து வாங்கிவிட்டேன். 20 டிகிரியில் கழுவ வேண்டும், இங்கே டேங்க் தண்ணீர் கொதிக்கிறது. நீங்கள் ட்ரேயைச் சுற்றி ஐஸ் வைப்பீர்களே, அந்தக் கணக்கு எனக்கு வேண்டும். லென்ஸில் பூஞ்சை வேறு பிடித்திருக்கிறது, கழற்ற எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். விற்கச் சொல்லி மறுபடி ஆரம்பிப்பதாக இருந்தால் மட்டும் வர வேண்டாம்.