நம்ம கடையில வாக்கி-டாக்கி வாடகைக்கு எடுக்கறவங்க எல்லாருக்கும்: அந்த சாம்பார் விஷயம் பத்தி

வணக்கம். மண்டபத்துக்காரங்க, கேட்டரிங் அண்ணன்மார், திருவிழா கமிட்டி, காலேஜ் கல்ச்சுரல்ஸ் பசங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன்.

ஒரு வாரமா ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது, "மதுரையில வாக்கி வாடகைக்கு விடுறானே, அவன் செட்டுதான் போலீஸ் லைன்ல புகுந்துச்சு"ன்னு. அதக் கேட்டு மூணு புக்கிங் கேன்சல், அதுல ஒருத்தர் ஆறு வருஷமா நம்மகிட்ட எடுக்கறவரு, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், மெசேஜ்லயே முடிச்சுட்டாரு, அதுதான் சங்கடமா போச்சு.

நடந்தது இதுதான். ஒரு ஊர்த் திருவிழா, சாமி புறப்பாடு நேரம், அன்னதானப் பந்தல்ல ஒரு வாலண்டியர் "ரெண்டாவது பந்தி உக்காந்தாச்சு, சாம்பார் வாளி எங்கடா"ன்னு பட்டன அமுக்கிக் கத்தியிருக்காரு, அது பந்தோபஸ்து போலீஸ் செட்ல கேட்டிருக்கு. சிரிப்பா இருக்குல்ல? ஆனா அவங்க அப்ப ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். வாக்கியில ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், பக்கத்துல இருக்கற செட் பலமா அடிச்சா தூரத்துல பேசறவர் குரல் அமுங்கிரும், பெல்ட்டுல பட்டன் மாட்டிக்கிட்டா கேக்கவே வேணாம், யாருமே பேச முடியாது.

அன்னிக்கு நம்ம செட் இருபது போச்சு, இருபதும் திரும்பி வந்துச்சு. மாட்டுனது அந்த வாலண்டியரோட சொந்த செட் ரெண்டு, ஆன்லைன்ல வாங்குனது, நம்ம ஸ்டிக்கரே கிடையாது. (அதுக்கு சேனல் போட்டுக் குடுத்தது முன்ன நம்ம கடையில இருந்த தம்பி, லீவு நாள்ல அவரா செஞ்சது, இப்ப அவர் இங்க இல்ல.)

ஆன்லைன்ல வர்ற அந்த அஞ்சு வாட் செட்டு 136-லேந்து 174 மெகாஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி, அப்புறம் 400-க்கு மேல ஒரு பெரிய ரேஞ்ச்னு எதுல வேணா நிக்கும், பூட்டே கிடையாது. அந்த இடமெல்லாம் சும்மா காலியா கிடக்கல, போலீஸ், ஃபயர் சர்வீஸ், கப்பல்காரங்கன்னு ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுத்தது, டெல்லியில டெலிகாம் துறைக்குக் கீழ டபிள்யூபிசின்னு ஒரு பிரிவு 1952-லேந்து இத பாத்துக்குது. போலீஸுக்கு எதுக்குத் தனியான்னு ஒரு கமிட்டித் தலைவர் கேட்டாரு, அவங்களும் போன்ல பேசிக்க வேண்டியதுதானேன்னு. கூட்டத்துல உங்க போனே போகாம தானே அண்ணே எங்கிட்ட வர்றீங்க? 2015 சென்னை வெள்ளத்துல எத்தன ஏரியாவுல டவர் செத்துச்சு. டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2018-லயே போலீஸ், பேரிடர் வேலைக்குன்னு 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தனி இடம் ஒதுக்கச் சொல்லி பரிந்துரை பண்ணிருக்கு.

நமக்கு லைசென்ஸ் இல்லாம விட்டது 446.0-லேந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 2018-ல திறந்து விட்டாங்க. அதுலயும் பவர் கம்மி, செட்டுக்கு அப்ரூவல் வேணும். நம்ம செட் எல்லாம் அதுலதான் ஓடுது, அதனாலதான் மண்டபத்துலேந்து கோயில் வரைக்கும் எட்டல, "பேட்டரி டூப்ளிகேட்டு"ன்னு திட்டறீங்களே, பேட்டரி இல்ல அண்ணே, பவரே அவ்ளோதான். நடுவுல ஒரு ஆள நிறுத்தி மாத்திச் சொல்லச் சொல்லுங்க. 2025-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கே நோட்டீஸ் விட்டுச்சு, ஃப்ரீக்வென்சி எது, லைசென்ஸ் வேணுமான்னு சொல்லாம விக்கறதுக்கு. அவ்ளோ பெரிய கடைக்கே அப்படின்னா நான் எம்மாத்திரம்.

அப்ரூவல் செட்டு வெல ஜாஸ்தி, அதனால நாள் வாடகை 150-லேந்து 220 ஆகுது, அட்வான்ஸ் குடுத்தவங்களுக்கும் சேத்துதான்.

இந்த வாய்ஸ் வந்த அன்னிக்கே "நாங்க இருக்கோம்"னு போன் பண்ணுன ஷூட்டிங் மேனேஜருக்கும், கேன்சல் பண்ணாத கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல, ரொம்ப ரொம்ப நன்றி. வீட்டுல ஆன்லைன் செட்டு வச்சிருக்கவங்க எடுத்துட்டு வாங்க, எந்த ஃப்ரீக்வென்சில நிக்குதுன்னு பாத்துச் சொல்றேன், காசு வேணாம், ஆனா சேனல் மட்டும் போட்டுத் தரச் சொல்லாதீங்க.

அந்த அன்னதானக் கமிட்டி அடுத்த மாசத்துக்குப் பத்து செட்டு நம்மகிட்டயே கேட்டிருக்காங்க. குடுக்கறேன்னு சொல்லிட்டேன், சாம்பாருக்குத் தனி சேனல்.

இப்படிக்கு,
உங்க வாக்கி கடைக்காரன்