கஞ்சிக் கொட்டிலுக்குக் கைகொடுத்த உறவுகளுக்கு

அன்பார்ந்த ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் எம் உறவுகளுக்கும் வணக்கம்.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கிய 2022ஆம் ஆண்டில் எங்கள் அடுப்படிகள் எப்படி இருந்தன என்பதை நாங்கள் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்றில்லை. சனசமூக நிலையத்தின் பின்வளவில் தொடங்கிய கஞ்சிக் கொட்டிலில் அன்றாடச் சமையல் நேற்றோடு நிறைவுற்றது. முன்பள்ளிப் பிள்ளைகளின் நிறை மீண்டும் ஏறுகிறதென்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்ன பின்னரே அடுப்பை அணைத்தோம். அந்தச் சொல்லைக் கேட்டபோது அழாதவர்கள் எங்களில் இல்லை.

முதல் நன்றி, பெயர் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்ட எங்கள் ரீச்சருக்கு. தொடக்க நாட்களில் கிடாரம் நிறையக் கஞ்சி இருந்தும் வாங்க எவரும் வரவில்லை. அரிசி கடன் கேட்கவே கூசுகின்ற குடும்பங்கள், ஊர் பார்க்கச் சட்டி ஏந்துவதிலும் பிள்ளைகளுக்கு வெறுந்தேநீர் கொடுத்துப் படுக்க வைப்பதே மேலென்று இருந்துவிட்டன. வீடுவீடாகப் போய் அழைத்தோம். "எங்களுக்கு இருக்குது, இல்லாத சனத்துக்குக் குடுங்கோ" என்றே எல்லாப் படலையிலும் பதில் வந்தது. ஓய்வூதியத்தில் வாழ்கின்ற, எவரிடமும் கையேந்தத் தேவையில்லாத ரீச்சர், ஒருநாள் காலை தூக்குச்சட்டியோடு வந்து முதல் ஆளாக நின்றார். நாங்கள் எடுத்துவைத்த கதிரையை மறுத்து, வேம்பின் கீழ் எல்லோரும் காண இருந்து, பனங்கட்டியைக் கடித்தபடி இலைக்கஞ்சியைக் குடித்து முடித்தார். "கஞ்சிக்கு முசுட்டை இலை காணாது, நாளைக்கு என்ர வேலியில ஆய்ஞ்சு கொண்டு வாறன்" என்றார், வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் இலையோடு வந்து மீண்டும் வரிசையில் நின்றார். அவரிடம் அகரம் எழுதப் பழகிய தாய்மார் தம் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அரிசியையும் பணத்தையும் நாங்கள் எப்படியோ திரட்டியிருப்போம். அந்தக் கூச்சத்தைப் போக்க எங்களுக்கு வழி தெரிந்திருக்கவில்லை.

எரிவாயு இல்லாத மாதங்களில் பனைமட்டையைச் சைக்கிளில் கட்டிவந்த இளைஞர்களுக்கும், மண்ணெண்ணெய் கிடைத்த நாளில் மட்டுமே கடலுக்குப் போக முடிந்தும் கூழுக்கென்று சூடை மீனை ஒதுக்கித் தந்த தொழிலாளர்களுக்கும், உரமின்றி விளைச்சல் விழுந்த போகத்திலும் நெல் மூட்டைகளை இறக்கிய கமக்காரர்களுக்கும், கூலி வாங்காமல் குற்றித் தந்த ஆலைக்காரருக்கும், கேளாமலே கிடாரங்களை அனுப்பிய கோயில் பரிபாலன சபையாருக்கும், விடியமுன் தேங்காய் துருவிய மாதர் சங்கத்தாருக்கும், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். அத்தகைய தேவை இத்தனை காலத்துக்குப் பிறகும் எங்கள் தலைமுறைக்கு வந்தது நெஞ்சை உறுத்துகிறது. இன்னொரு முறை வந்தால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. ஆகவே கொட்டிலைப் பிரிக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீடுகளில் பிடியரிசி தண்டி, கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாட்கள் இலைக்கஞ்சி காய்ச்சுவோம். வரும் மாரிக்குள் ஒவ்வொரு வளவிலும் ஒரு முருங்கைக் கதியாலும் நான்கு மரவள்ளித் தடியும் ஊன்றுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். அரிசி இல்லாத வீடு இலை தரலாம். இலையும் இல்லாத வீடு வந்து குடிக்கலாம். கொடுத்தவர், வாங்கியவர் என்று இரு பதிவேடுகள் வைக்க மாட்டோம்.

நன்றியுடன்,
கஞ்சிக் கொட்டில் பணியாளர்கள்,
வடமராட்சி