லால்பாக், கப்பன் பூங்கா: ஞாயிறு காலைப் பயணம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7.30 மணிக்குப் பெங்களூரு லால்பாக் மெட்ரோ நிலைய வாசலில் கூடுகிறோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் அயல்நாட்டுச் செடிகளை வரவழைத்து விரிவாக்கிய லால்பாக் தோட்டத்தில், 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையை விடவும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை கொண்ட பாறைக்குன்றில்தான் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெங்களூரு நகரை நிறுவிய கெம்பே கவுடரின் பெயர் தாங்கிய கோபுரமும் அக்குன்றின் மேல்தான் உள்ளது. வெயில் ஏறுமுன் இறங்கி, மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக் நிலையத்தில் வண்டி மாறி, 1870-இல் உருவான கப்பன் பூங்காவுக்குச் செல்வோம். தண்ணீரை எவர்சில்வர் புட்டியில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். வருவோர் வெள்ளி மாலைக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.