பத்து மணிக்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. உங்கள் வானொலியில் திங்கள் முதல் சனி வரை தினமும் காலை பத்து மணிக்கு ஒரு மணி நேர நாட்டு நடப்பு நிகழ்ச்சி உன் பொறுப்பு என்றாய். அடுத்த மூச்சிலேயே, "தினமும் எதைத்தாம்மா பேசுறது? செய்தியும் சொல்லக் கூடாதாமே" என்று உன் குரல் இறங்கிவிட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

செய்தி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தனியார் பண்பலைக்கும் சரி, உங்களைப் போல ஒரு வட்டாரத்து மக்களுக்காக நடக்கும் சமுதாய வானொலிக்கும் சரி, சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். அலைவரிசை மக்களின் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்ன பிறகும் இப்படி ஒரு கட்டு இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மழை எச்சரிக்கை, மின்தடை, குடிநீர், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, நோய்த்தடுப்பு, உள்ளூர்த் திருவிழா எல்லாம் செய்தி என்ற கணக்கில் வராது. உங்கள் கோபுரம் எட்டுகிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளுக்கு நாட்டு நடப்பு என்பதே பெரும்பாலும் இதுதான். கை கட்டிப்போட்டது போல நினைக்காதே.

ஒரு நீளமான நோட்டு வாங்கி, தேதி தெரிந்த விஷயங்களை முதலில் எழுது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. பிறகு ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் முன்னால் போய் ஒரு கோடு போடு. நீ பேச வேண்டிய நாள் அதுதான். நானும் என் வானொலி நிகழ்ச்சியில் பல வருடம் கிராம சபை நடந்த மறுநாள்தான் அதைப் பற்றிப் பேச ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்த பிறகு கேட்டு யாருக்கு என்ன லாபம்? தெருவிளக்கு எரியாததைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம், வரவு செலவுக் கணக்கைப் படித்துக்காட்டச் சொல்லலாம் என்று முன்னாலேயே காதில் விழுந்திருந்தால் நாலு பெண்களாவது எழுந்து கேட்டிருப்பார்கள்.

உங்கள் ஊருக்கு மீன்பிடித் தடைக்காலம் பெரிய விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதை ஒரே நாளில் பேசி முடித்துவிடாதே, ஒரு வாரத்துக்குத் தாங்கும். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகலாம். அப்படியானால் அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகு மீனுக்குக் கரையில் என்ன விலை, அந்த விலையில் படகுக்காரர் கைக்கு எவ்வளவு வருகிறது? படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க எவ்வளவு ஆகிறது, அந்தக் கடனை எங்கே வாங்குகிறார்கள்? ஐஸ் கம்பெனியில் கூலிக்கு நிற்பவர்கள் எங்கே போகிறார்கள்? கூடை சுமந்து விற்கிற பெண்கள் அதுவரை எதை வைத்து அடுப்பெரிக்கிறார்கள்? அந்தப் பெண்கள் வீடு திரும்பும் நேரம் பத்து மணிதானா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள். பதினொன்று என்றால் மறு ஒலிபரப்புக்கு நிர்வாகத்திடம் சண்டை போடு.

ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததல்லவா? அப்புறம் சில நாளில் ஒரு நேரலை போட்டோம். அதிகாரி ஒருவரை உட்காரவைத்து, பயிர்க் காப்பீடு பற்றி அழகாகப் பத்துக் கேள்வி தட்டச்சு செய்து வைத்திருந்தேன். முதல் அழைப்பு பேராவூரணிப் பக்கத்திலிருந்து. "அம்மா, நூத்திப்பத்து தென்னை சாஞ்சு கிடக்கு. கணக்கெடுக்க வர்ற வரைக்கும் அப்படியே விடணுமா, வெட்டி ஒதுக்கலாமா?" அதிகாரியிடம் பதில் இல்லை. என் பத்துக் கேள்வியிலும் அது இல்லை. ஊரில் கரண்ட் இல்லாத நேரத்தில், ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து சார்ஜ் போட்டு அந்த மனிதர் பேசினார். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். மறுநாள் பதில் சொன்னோம், ஆனால் அவர் கேட்டாரோ என்னவோ. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு தோப்புக்காரர்களுக்கு போன் போட்டிருந்தால் அதுதான் என் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, மூன்று நேயர்களிடம் பேசாமல் நான் ஒரு கேள்வியையும் எழுதியதில்லை. நீயும் அப்படியே செய். விருந்தினரை அதற்கப்புறம் தேடு. விருந்தினர் கிடைத்தார் என்பதற்காகத் தலைப்பை வளைக்காதே.

நேரலையில் வரும் அழைப்பை உடனே காற்றில் விடாதே. யார், எந்த ஊர், என்ன கேட்கப் போகிறார் என்று உள்ளே ஒருவர் பேசிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் "ஏரி உடைந்துவிட்டது" என்று ஒரு குரல் போதும், தெருவே ஓடும். வர வேண்டியவர் வராமல் போனாலும் உதவுகிற மாதிரி இருபது நிமிடப் பதிவு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

ஏடிடி 27 என்ற நெல்லை உன் தாத்தா கடைசி வரை ரேடியோ நெல் என்றுதான் சொன்னார், ஞாபகமிருக்கிறதா? 1960-களில் திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூரில் அந்தப் பெயர் விழுந்தது. விதைக்கிறதுக்கு முன்னால் சொன்னதால்தான் அது வயலுக்குப் போனது, பாப்பா.

உங்கள் அலைவரிசை தஞ்சாவூருக்கு எட்டாது. முதல் வார நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பு. அப்பாவும் நானும் காபி குடிக்கும்போது கேட்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா