ஆன்சாக் ஹில் நடைபாதையில் ஒரு நிழல் பெஞ்ச் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வசிக்கும், கார் இல்லாத ஒரு முதியோர் இல்லப் பணியாளர்
பெறுநர்: குன்றின் நடைபாதைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்
பார்வை: நான் ஏற்கெனவே அனுப்பிய இரண்டு மனுக்கள்

ஐயா,

வணக்கம். இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன், "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று கம்ப்யூட்டர் தானாகப் போடும் பதில்தான் வந்தது. சரி, என் ஆங்கிலம்தான் புரியவில்லை போல என்று இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். ஆள் வைத்தாவது படித்துவிடுங்கள்.

1. இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறோம். 1934-ல் திறந்த வெள்ளைப் போர் நினைவுத்தூண், தெற்கே மெக்டொனல் மலைத்தொடர், அதில் அரிவாளால் வெட்டினாற்போல் ஹெவிட்ரீ கணவாய், அந்த ஒரே இடுக்கில் ஆறும் நெடுஞ்சாலையும் ரயிலும் நுழைந்து போகிற அழகு. கார் உள்ளவர்கள் உச்சி வரை போய் இறங்குகிறார்கள். எங்களுக்கு வில்ஸ் டெரஸ் தெருவிலிருந்து ஏறும் நடைபாதைதான்.

2. என் அம்மா மதுரையிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், வயது 71, இரண்டு முட்டியும் தேய்மானம். டாட் ஆற்றில் வெறும் மணலைப் பார்த்துவிட்டு "நம்ம வைகையேதாண்டி" என்று சிரித்தவர், மேலிருந்து பார்த்தால் ஆறு எங்கே போகிறது என்று தெரியுமா என்று கேட்டதால்தான் கூட்டிப்போனேன். ஜனவரி மாதம், காலை எட்டரை மணி. பாதி ஏறியதும் கால் நடுங்க ஆரம்பித்தது. நாங்கள் நின்ற வளைவில் உட்கார ஒன்றுமில்லை, பாறையில் உட்காரவைத்தேன், சேலையைத் தாண்டிச் சூடு தாக்கி உடனே எழுந்துவிட்டார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார், கண்ணிலும் வாயிலும் ஈ, ஒரு கையால் ஈயை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றே இளைப்பாறினார். பத்து நிமிடம் ஐயா! அப்புறம் "போதும்மா, இறங்கிடலாம்" என்றார். என்னால் தூக்கிக்கொண்டா ஏற முடியும்?

3. "சாயங்காலம் வாங்க" என்பீர்கள். கோடையில் ஏழரை மணி வரை இங்கே வெயில் போவதில்லை, எனக்கு ஏழு மணிக்கு நைட் ஷிஃப்ட். "டாக்ஸி பிடியுங்கள்" என்பீர்கள். போக, காத்திருக்க, வர என்று ஆகும் காசை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவெல்லாம் இந்த ஊர் முதியவர்களைக் கைப்பிடித்து நடத்திவிட்டு வருகிறவள் நான், என் அம்மாவை உட்காரவைக்க ஒரு இடம் கேட்டால் அதற்கு மூன்று மனுவா?

4. அந்தக் குன்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரெர்ண்டே மக்களின் புனித இடம் என்பது தெரியும். அவர்களின் பெரியவர்களைக் கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அவர்கள் வீட்டிலும் முட்டிவலிக்காரர்கள் இருப்பார்கள்.

5. ஒரு பெஞ்ச். மேலே ஒரு தகரம். அவ்வளவுதான்.

தயவுசெய்து, மறுபடியும் கேட்கிறேன், பாதி வழியில் ஒரு நிழல் பெஞ்ச். அம்மாவுக்கு 28-ம் தேதி விமானம், அதற்குள் வராது என்று எனக்கும் தெரியும். அதற்கு முன் ஒரு பதிலாவது போடுங்கள், ஆள் எழுதிய பதில்.

இப்படிக்கு,
மூன்றாவது முறையாக எழுதுபவள்