சைரனை நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரியாவில் நான் வசிக்கும் சிற்றூரில், தீயணைப்பு நிலையக் கூரையில் உள்ள சைரனை நிறுத்திவிட்டு, தீயணைக்க வரும் தொண்டர்களுக்கு பேஜர் என்ற சிறு அழைப்புக் கருவி மட்டும் கொடுத்தால் போதும் என்று சிலர் கேட்கிறார்கள். ராத்தூக்கம் கெடுகிறதாம். எங்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது. விழித்து அழும், தட்டிக்கொடுத்தால் தூங்கிவிடும்.

இந்த நாட்டில் தொழில்முறை தீயணைப்புப் படை இருப்பது வியன்னா, கிராத்ஸ், லின்ஸ் உட்பட ஆறே நகரங்களில்தான். மற்ற ஊர்களில் தீயை அணைக்க ஓடுவது ஊர்க்காரர்களே. அதற்குச் சம்பளம் கிடையாது. 15 விநாடி வீதம் மூன்று முறை ஒலிக்கும் சைரன்தான் அவர்களுக்கு அழைப்பு.

போன மாதம் ரொட்டிக்கடையில் நின்றிருந்தேன். சைரன் கேட்டதுமே கடைக்காரர் மாவு ஒட்டிய கையோடு ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். வரிசையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தெருவில் கார்கள் ஒதுங்கி நின்றன. பேஜர் அவரை மட்டும்தான் எழுப்பும். வழிவிடச் சொல்லி ஊரை எழுப்பாது.

பக்கத்து ஜெர்மனியில் பனிப்போர் முடிந்தபின் பல ஊர்களில், ஆபத்து வந்தால் மக்களை எச்சரிக்கும் சைரன்களைக் கழற்றிவிட்டார்கள். 2021 ஜூலை வெள்ளத்தில் 180க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மீண்டும் பொருத்த அரசே பணம் ஒதுக்கியது. எங்கள் ஊராட்சி முடிவெடுக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வாசகர், ஆஸ்திரியா