நடுப்படிகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்வு வழிகாட்டிப் பக்கங்களில் பிளஸ் ஒன் கணக்குகளுக்குச் சூத்திரமும் விடையும் மட்டும் தந்தால் போதாது. மாணவர்கள் சறுக்குவது நடுவில்தான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்தின் வேகம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் குறைந்தால், எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? 72-ஐ 5/18-ஆல் பெருக்கி, வினாடிக்கு 20 மீட்டர் என முதலில் மாற்ற வேண்டும். 20-இன் வர்க்கம் 400; 2×4-ஆல் வகுத்தால் 50 மீட்டர். மாற்றாமல் போட்டால் 648 வரும். பிரேக் பிடித்த பேருந்து அவ்வளவு தூரமா ஓடும் என்று யாரும் யோசிப்பதில்லை! வேகம் குறைவதால், v² = u² + 2as என்ற சூத்திரத்தில் a என்ற முடுக்கத்துக்கு மைனஸ் போட வேண்டும்; மறந்தால் s என்ற தூரமே மைனஸில் வந்து நிற்கும்.

மோலாரிட்டியிலும், அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் பொருள் இருக்கிறது என்ற கணக்கிலும், இதே கதைதான். 5.85 கிராம் சோடியம் குளோரைடு என்பது 0.1 மோல், 500 மி.லி. கரைசலை 0.5 லிட்டர் என மாற்றி, 0.5-ஆல் வகுக்க, லிட்டருக்கு 0.2 மோல். பலர் 500-ஆலேயே வகுத்துவிடுகிறார்கள். வாரம் ஒரே கணக்கானாலும் அலகு மாற்றும் வரியோடு போடுங்கள்.

அறிவியல் ஆசிரியர், மதுரை